உடைந்ததும் உடைத்ததும்

போன வாரம் நீங்கள் இருவரும் வீட்டுக்கு வந்துவிட்டுக் கிளம்பும்போது, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே ஒரு கேள்வி கேட்டீர்கள். "மேடம், ஆக்டிவ் வாய்ஸ், பாசிவ் வாய்ஸ் எடுத்தா மொத்த வகுப்பும் கொட்டாவி விடுது. நீங்க எப்படி நடத்துனீங்க?"

செய்தித்தாளிலிருந்து வாக்கியம் எடுங்கள், கரும்பலகையை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள் என்று ஏதோ சொல்லி அனுப்பினேன். நீங்களும் மரியாதைக்குத் தலையாட்டிவிட்டுப் போனீர்கள். நான் சொன்னது பதிலே இல்லை என்பது கதவைச் சாத்தியதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. உண்மையான பதில் கொஞ்சம் நீளமானது. அதனால் எழுதுகிறேன்.

நீங்கள் இப்போது உட்காரும் ஆங்கிலத் துறை அறையில்தான் என் காலம் முழுதும் போயிற்று. ஜன்னல் பக்கத்து நாற்காலி என்னுடையது. வெயில் ஏறியதும் அதில் உட்கார முடியாது, இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும். இப்போதும் அப்படித்தானா? மதியத்துக்கு மேல் பக்கத்துத் தெருவிலிருந்து தறிச் சத்தம் வகுப்புக்குள் வரும். அந்தச் சத்தத்தோடு சேர்த்தே வினைச்சொற்களை ஒப்பிக்கவைத்திருக்கிறேன். தறி ஓடாத நாளில் பிள்ளைகளுக்கு நடு வரியில் மறந்துபோகும். ஆடித்தபசுத் திருவிழா வந்துவிட்டால் வருகைப்பதிவு எடுப்பதில் அர்த்தமே இல்லை. ஓய்வு பெற்ற பிறகு காலையில் காபி குடித்துவிட்டு எங்கே போவதென்று தெரியாமல் நிற்கும்போது, அந்தச் சத்தத்தைத்தான் காது தேடுகிறது.

நான் சேர்ந்த புதிதில் துறைத் தலைவராக இருந்தவரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பெயர் வேண்டாம், எழுதினால் அவருக்கே பிடிக்காது. மாணவர்கள் எழுந்து நின்று ஆங்கிலத்தில் பேசும்போது பெரிய பிழை ஏதாவது வந்தால், அந்த நொடியில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிடுவார். தூசி இருக்கிறதோ இல்லையோ துடைப்பார். ஒருநாள் ஏன் என்று கேட்டேன்.

"பிழை விட்ட பிள்ளை மொதல்ல நம்ம மூஞ்சியத்தான் பாக்கும்மா. அதுல சிரிப்போ வருத்தமோ தெரிஞ்சிட்டுன்னு வைங்க, அந்த வருசம் பூரா வாயத் தொறக்காது" என்றார்.

பி.எட். வகுப்பில் எனக்கு யாரும் சொல்லித்தராதது அது. நானும் பழகிக்கொண்டேன். எனக்குக் கண்ணாடி பின்னால்தான் வந்தது. அதுவரை வளையலைச் சரி செய்துகொண்டிருந்தேன்.

இனி கோமதி. சங்கரன்கோவிலில் ஆங்கிலம் நடத்துகிறவர்களுக்கு வகுப்புக்கு மூன்று கோமதியாவது கிடைப்பார்கள், ஊரின் அம்மன் பெயர் அது. இவள் பனவடலிசத்திரத்திலிருந்து வந்தவள் என்பதால் பனவடலி கோமதி. ஆடு வைத்து வயல்களில் கிடை போடுகிற குடும்பம். பன்னிரண்டாவது வரைக்கும் தமிழ் வழி. பி.ஏ. ஆங்கிலம் சேர்ந்த நாளிலிருந்து அவளுக்கு ஒரே வைராக்கியம்: வாய் திறந்தால் ஆங்கிலம். பஸ் கண்டக்டரிடம் "ஒன் பனவடலி, ப்ளீஸ்" என்பாள். அவர் "சில்லறை, ப்ளீஸ்" என்பார். பஸ் முழுக்கச் சிரிக்கும், அவளும் சேர்ந்து சிரித்துவிட்டு மறுநாளும் அதையே சொல்வாள். வகுப்பு முடிந்து நான் படி இறங்கும்போது பின்னாலேயே வருவாள். "மேடம், வெக்கைக்கு என்ன வேர்டு? ஹீட் இல்ல மேடம், வெக்கை." பல நாள் என்னிடம் பதில் இருக்காது.

மூன்றாம் ஆண்டில், திருநெல்வேலியில் கல்லூரிகளுக்கு இடையே நடக்கும் ஆங்கிலப் பேச்சுப் போட்டிக்கு அவளைத் தேர்ந்தெடுத்தோம். அவளைவிடப் பிழையில்லாமல் பேசுகிறவர்கள் வகுப்பில் இருந்தார்கள். ஆனால் அவள் பேசினால் கேட்கத் தோன்றும்.

அந்தச் சமயத்தில்தான் மொழி ஆய்வகத்துக்குத் தொடுதிரைப் பலகை ஒன்று வந்திருந்தது. சக்கரம் வைத்த ஸ்டாண்டில் நிற்கும் பெரிய கண்ணாடிப் பலகை. திறப்பு விழாவை அவசரமாக நடத்தியதால் அதற்கான வயரைச் சுவரோடு பதிக்காமல் தரையிலேயே விட்டிருந்தார்கள். "வயரை மூட ஆவன செய்யப்படுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது" என்று துறையிலிருந்து எழுதிக் கொடுத்தோம். அது எந்த மேசையில் படுத்துக்கொண்டதோ, வயர் மட்டும் தரையிலேயே கிடந்தது.

ஒருநாள் மதியம் இரண்டாம் ஆண்டு வகுப்பில் இருந்தேன். அலுவலக உதவியாளர் வாசலில் வந்து நின்றார்.

"மேடம், செயலர் ரூம்ல ஒங்கள வரச் சொல்லுதாங்க. ஒரு பிள்ளை நிக்கி. ஏதோ கண்ணாடி ஒடைஞ்சிட்டாம்."

போனேன். மேசைக்குப் பின்னால் கல்லூரிச் செயலர், பக்கத்தில் முதல்வர், எதிரே கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கோமதி. செயலரை உங்களுக்குத் தெரியாது, நீங்கள் வருவதற்கு முன்பே பொறுப்பிலிருந்து போய்விட்டார். மேலநீலிதநல்லூர்ப் பக்கத்துக்காரர்தான். வடக்கே பெரிய அரசு உத்தியோகத்தில் பல காலம் இருந்துவிட்டு வந்தவர். ஆங்கில இலக்கிய மாணவர்கள் தன்னிடம் ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும் என்று ஒரு சட்டமே வைத்திருந்தார். அவருடைய ஆங்கிலம் நல்ல ஆங்கிலம், அதைக் குறை சொல்ல மாட்டேன்.

அவர் அன்று கோபத்தில் இருந்ததற்கு வேறு ஒரு காரணமும் உண்டு. அதற்கு முந்தின வாரம் யாரோ இரண்டு வகுப்பறைகளில் மின்விசிறி இறக்கைகளை வளைத்துவிட்டிருந்தார்கள். யாரென்று அகப்படவில்லை. இப்போது கையில் ஓர் ஆள் கிடைத்திருந்தது.

நடந்தது இதுதான். மதிய இடைவேளையில் கோமதி துறை அறையில் தொங்கிய சாவியை யாரிடமும் கேட்காமல் எடுத்து, ஆய்வகத்தைத் திறந்து, போட்டிக்கான பேச்சைத் தனியாகப் பேசிப் பார்த்திருக்கிறாள். பேசிக்கொண்டே பின்னால் நகர்ந்தபோது வயர் காலில் மாட்டிவிட்டது. விழப்போனவள் பலகையைப் பிடித்தாள். பலகை சக்கரத்தோடு உருண்டு சாய்ந்து, கண்ணாடி சிதறிவிட்டது. யாரும் பார்க்கவில்லை. அவளே நேராக முதல்வர் அறைக்குப் போய்ச் சொல்லியிருக்கிறாள். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் முழுதாகத் தெரியும். அறைக்குள் நான் நுழைந்தபோது காதில் விழுந்தது விசாரணை மட்டும்தான்.

"ஹூ ப்ரோக் இட்?" என்றார் செயலர்.

"ஐ ப்ரோக் இட், சார்."

"ஒய் டிட் யூ ப்ரேக் இட்?"

"பிகாஸ் த வயர் புல்டு மை லெக், சார்."

வயர் என் காலை இழுத்துவிட்டது என்று அவள் சொல்கிறாள். தமிழில் அதற்கு வேறு அர்த்தமே கிடையாது. ஆங்கிலத்தில் ஒருவர் காலை இழுப்பது என்றால் அவரைக் கேலி செய்வது. செயலரின் முகம் சிவந்துவிட்டது.

"ஆர் யூ புல்லிங் மை லெக்?"

கோமதி பதறிப்போய் மேசைக்குக் கீழே எட்டி அவர் காலைப் பார்த்தாள். "நோ சார்! ஐ ஆம் ஸ்டாண்டிங் ஹியர், சார்!"

முதல்வர் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். அவ்வளவு நேரம் அதைத் துடைத்தது என் வாழ்க்கையில் அன்றுதான்.

செயலர் சிரிக்கவில்லை. முதல்வரிடம், "ஒத்துக்கிட்டா. காரணம் கேட்டா என்னையே கிண்டல் பண்ணுதா. ஃபேனும் இந்தக் கூட்டமாத்தான் இருக்கும். டி.சி.யைக் குடுத்து அனுப்புங்க" என்றார்.

கடைசிப் பருவம் அது. தேர்வுக்கு முன்னால் மாற்றுச் சான்றிதழைக் கையில் கொடுத்துவிட்டால் மூன்று வருடப் படிப்பும் அங்கேயே நின்றுபோகும். கோமதி அந்தச் சொல்லைக் கேட்டாள். ஆனால் நின்ற இடத்திலேயே நின்றாள்.

இந்த மாதிரி நேரத்தில் என்ன செய்வது என்று எந்தப் பயிற்சி முகாமிலும் சொல்ல மாட்டார்கள். அவருக்கு அர்த்தம் விளங்கவில்லை என்று சொன்னால் அவர் கௌரவம் போகும், கோபம் இன்னும் ஏறும். கோமதிக்கு ஆங்கிலம் தெரியாது என்று சொன்னால் அவர் டி.சி. கொடுக்க வேண்டியதே இல்லை, நானே அவளை வெளியே அனுப்பியது போலாகிவிடும். எனக்குத் தெரிந்தது இலக்கணம் ஒன்றுதான். அதைக் கையில் எடுத்தேன்.

"சார், ஒரு நிமிசம். நம்ம பேச்சுல 'கண்ணாடி ஒடைஞ்சுது'ன்னா வேற, 'கண்ணாடிய ஒடைச்சேன்'னா வேற. இங்கிலீஷ்ல ரெண்டுக்கும் 'ப்ரோக்' ஒண்ணுதான். இந்தப் பிள்ளை 'ஒடைஞ்சுது'ன்னு சொல்ல வந்திருக்கும்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அப்படின்னா 'த போர்டு ப்ரோக்'னு சொல்லியிருக்கணும். அவ 'ஐ ப்ரோக்'னு சொன்னா. எனக்கும் காது இருக்கு மேடம்."

சரியான அடி. இலக்கணத்தில் அவர் என்னைவிடக் குறைந்தவர் இல்லை.

"விழுந்து கைய ஒடிச்சுக்கிட்டா 'ஐ ப்ரோக் மை ஆர்ம்'னுதான சார் சொல்லுதோம். யாராவது வேணும்னே தன் கைய ஒடிச்சுக்கிடுவாங்களா? 'ஐ' வந்துட்டுங்கிறதுக்காக வேணும்னு செஞ்சான்னு ஆயிராதுல்லா?"

செயலர் பேனாவை மூடினார், திறந்தார். கொஞ்சம் இளகுகிறார் என்று தெரிந்தது. விடாமல் அடுத்த அடியை வைத்தேன்.

"இந்த ஒரு கேள்விய மட்டும் தமிழ்ல கேட்டுருங்க சார்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு, மாணவர்கள் யாரிடமும் அவர் பேசி நான் கேட்டிராத குரலில், எங்கள் பக்கத்துத் தமிழில் கேட்டார்.

"சரி, சொல்லு தாயி. கண்ணாடி ஒடைஞ்சுதா, நீ ஒடைச்சியா?"

நான் மனதுக்குள் கெஞ்சினேன். ஏட்டி, ஒரு சொல்தான். ஒடைஞ்சிட்டுன்னு சொல்லிரு. அவளுக்காக நான் வாசலைத் திறந்து வைத்துவிட்டேன், அவள் நடந்து போனால் போதும்.

கோமதி என்னைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"நான்தான் ஒடைச்சேன் சார். வயரு காலத் தட்டுனது நெசம். ஆனா யார்ட்டயும் கேக்காம சாவிய எடுத்தது நான். விழப்போகும்போது போர்டப் பிடிச்சதும் நான். பிடிக்காம இருந்தா நான் விழுந்திருப்பேன், போர்டு நின்னுருக்கும். ஃபேனு எனக்குத் தெரியாது சார். அது நான் இல்ல."

ஒரு வாக்கியத்தை அவள் தப்பாகச் சொல்லிவிட்டாள் என்று நினைத்து அத்தனை பாடுபட்டு வாதாடியிருந்தேன். சொல்ல வந்ததை அவள் முதலிலேயே சரியாகச் சொல்லிவிட்டாள். திருத்த அங்கே எதுவுமே இருக்கவில்லை.

செயலர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

"ஒனக்கு அடி பட்டிச்சா?"

கோமதி பின்னால் கட்டியிருந்த கைகளை முன்னால் கொண்டுவந்தாள். இடது முழங்கைக்குக் கீழே துப்பட்டாவின் முனையைச் சுற்றி இறுக்கிப் பிடித்திருந்தாள். துணி நனைந்து கறுத்திருந்தது.

"கொஞ்சம் கீறிட்டு சார்."

அந்த அறையில் கோபப்பட்டவர், சிரிப்பை அடக்கியவர், வாதாடியவள் என மூன்று பேர் இருந்தோம். அவள் கை ஏன் பின்னால் இருக்கிறது என்று அதுவரை ஒருவருக்கும் தோன்றவில்லை. அதைக் கேட்டவர் நானில்லை, அவர். இன்றைக்கும் அது என்னை உறுத்துகிறது.

அவர் முதல்வர் பக்கம் திரும்பினார். "அந்த வயர இன்னும் மூடலையா?"

"விரைவில் மூடப்படும் சார்" என்றார் முதல்வர்.

"யாரு மூடுவா?"

முதல்வர் வாயைத் திறந்து, மூடிக்கொண்டார்.

தீர்ப்பு அன்றே வந்தது. கோமதி தேர்வு எழுதலாம். ஆசிரியர் இல்லாமல் ஆய்வகத்துக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது. போட்டிக்கு அவள் போகக் கூடாது, வேறு பிள்ளையை அனுப்ப வேண்டும். கடைசியில் சொன்னதை மட்டும் மாற்றச் சொல்லி இரண்டு முறை போய்க் கேட்டேன். "தப்புன்னு அவளே சொல்லியாச்சு. அதுக்கு ஒண்ணுமே இல்லன்னா அவ சொன்னதுக்கு என்ன மரியாதை?" என்றார். அது நியாயமா என்று எனக்கு இன்றுவரை தீர்மானமாகத் தெரியவில்லை. வேறொரு மாணவி போய்விட்டு வந்தாள். பரிசு இல்லை. அந்த வாரம் முழுக்கக் கோமதி வகுப்பில் வாயைத் திறக்கவில்லை. அடுத்த வாரம் படிக்கட்டில் பின்னாலேயே வந்து, "மேடம், சிராய்ப்புக்கு என்ன வேர்டு?" என்று கேட்டாள். எனக்கு உயிர் வந்தது.

வயரை மூடினார்கள். யார் மூடியது என்றும் தெரிந்தது. செயலரே எலக்ட்ரீஷியனைக் கூட்டிவந்து பக்கத்தில் நின்று மூடவைத்தார்.

அதற்குப் பிறகு வாய்ஸ் நடத்தும் முதல் நாளில் நான் கரும்பலகையில் ஆங்கிலமே எழுதியதில்லை. "விரைவில் மூடப்படும்" என்று தமிழில் எழுதிவிட்டுத் திரும்புவேன். "யாரு மூடுவா?" என்று கேட்பேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் "கவர்மெண்டு" என்பான். இன்னொருத்தி தன் தெருவில் போடப்படும் என்று சொல்லிப் போடப்படாத சாலையைச் சொல்வாள். கொட்டாவி விட நேரம் இருக்காது. செய்கிற ஆளான கர்த்தா எங்கே ஒளிந்துகொள்கிறது என்பதை அவர்களே தேட ஆரம்பித்துவிடுவார்கள். பிறகு ஆங்கிலம் தானாக வரும். நீங்கள் கேட்ட கேள்விக்கு நான் அன்றே சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான்.

இன்னொன்றும் உண்டு. அது பாடத்திட்டத்தில் இல்லை. ஒரு பிள்ளை பேசும்போது நம் மனம் பிழையைத் தேடிக்கொண்டே இருக்கும், தொழில் அப்படி. பிழையைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் ஆளைப் பார்க்காமல் விட்டுவிடுவோம். திருத்துவதற்கு முன்னால், அவர்கள் என்ன சொல்ல வந்தார்கள் என்று ஒருமுறை அவர்களிடமே கேளுங்கள். நானாக யூகித்து உதவி செய்யப் போனபோதெல்லாம் பெரும்பாலும் தவறாகவே யூகித்திருக்கிறேன்.

சென்ற மாதம் ஒரு கல்யாணத்துக்காகப் புளியங்குடி போயிருந்தேன். திரும்பும்போது பஸ் ஸ்டாண்டை ஒட்டி, எலுமிச்சை மூட்டைகள் அடுக்கிய ஒரு கமிஷன் கடை வாசலிலிருந்து "மேடம்!" என்று ஒரு குரல். கோமதி. கொஞ்சம் சதை போட்டிருந்தாள், கழுத்தில் தாலி, காதில் பேனா செருகியிருந்தாள். வெளிமாநில வியாபாரிகளோடு பேசுவது, மெயில் அனுப்புவது எல்லாம் அவள்தானாம். உட்காரவைத்து, சோடா கலந்த எலுமிச்சைச் சாறு வாங்கித் தந்தாள்.

பேச்சு தானாக அந்த நாளுக்குப் போனது. இத்தனை நாள் கேட்காததைக் கேட்டேன்.

"அன்னைக்கு ஒன்ட்டத் தமிழ்லயும் கேட்டாச்சு. ஒடைஞ்சிட்டுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போட்டிக்கும் போயிருப்ப. ஏன்ட்டி சொல்லல?"

அவள் மூட்டையிலிருந்து உருண்ட ஒரு பழத்தை எடுத்து உள்ளே போட்டாள்.

"மொதல்லயே தமிழ்ல கேட்டிருந்தா அழுதிருப்பேன் மேடம். அழுதுகிட்டே வயரு, போர்டுன்னு என்னத்தையாவது சொல்லியிருப்பேன். பாவம்னு விட்டுருப்பாங்க. இங்கிலீஷ்ல எனக்கு அழத் தெரியல. தெரிஞ்சது ஒரே ஒரு வாக்கியம்தான், அதச் சொல்லிட்டேன். சொன்ன பெறகு தமிழ்ல மாத்திப் பேச வாய் வரல."

"போட்டிக்குப் போகலன்னு வருத்தம் உண்டா?"

"இருக்கு மேடம். இல்லன்னு சொன்னா பொய்."

சாற்றைக் குடித்து முடித்தேன். அப்போது அவள் கைபேசி அடித்தது. எதிர்ப்பக்கம் யாரோ உரத்துப் பேசுவது எனக்கே கேட்டது. பெரிய பழம் கேட்ட இடத்துக்குச் சின்னப் பழம் போய்விட்டதாம். கடை முதலாளி கல்லாவிலிருந்து, பழியை லாரிக்காரன் மேல் போடு என்று கையால் ஜாடை காட்டினார். கோமதி அவரைப் பார்க்காத மாதிரித் திரும்பிக்கொண்டாள்.

"நோ சார், நாட் த டிரைவர். ஐ ஒன்லி செக்டு. ஐ ஒன்லி சென்ட். டுமாரோ ஐ வில் சென்ட் பிக் ஃப்ரூட், சார்."

ஐ ஒன்லி. நான்தான் என்பதை நம் பிள்ளைகள் அப்படித்தான் ஆங்கிலத்தில் சொல்வார்கள். என் பணிக்காலம் முழுதும் நான் அடித்துத் திருத்திய சொல் அந்த 'ஒன்லி'. நம்முடைய 'தான்' ஆங்கிலத்தில் கிடையாது, அந்த இடத்தில் ஒன்லி போடக் கூடாது என்று எத்தனை வகுப்பில் தொண்டை வற்றச் சொல்லியிருக்கிறேன்.

பேசி முடித்து கைபேசியை வைத்தவள், நான் கேட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"ஒன்லி தப்புல்லா மேடம்?"

சங்கரன்கோவில் பஸ் உறுமிக்கொண்டு வந்து நின்றது.

"பஸ்ஸு வந்துட்டு. நான் வாரேன் மக்கா" என்று சொல்லிவிட்டு ஏறிவிட்டேன்.